பாடநூலில் இல்லாத 20 மதிப்பெண்

காரைக்கால் அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறியபின், தலத்தெருவில் பத்தாவது படிக்கும் பிள்ளைக்கு ஆங்கிலத் தாளின் முதல் பகுதி புதுச் சவால். பாடநூலில் இல்லாத இரண்டு பத்திகள், 80-இல் 20 மதிப்பெண். மனப்பாடம் இங்கே எடுபடாது.

முதலில் கேள்விகளைப் படியுங்கள், பிறகு பத்தியை. எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தால் கண் தானே அங்கே நிற்கும். தேர்வு தொடங்குமுன் வினாத்தாள் படிக்கத் தரும் 15 நிமிடத்தை இதற்கே வையுங்கள்.

தெரியாத சொல் வந்தால் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். வேண்டாம். முன்வரி, பின்வரி இரண்டையும் சேர்த்துப் படித்து, அந்தச் சொல் நல்லதைச் சொல்கிறதா கெட்டதையா என்று மட்டும் முடிவு செய்யுங்கள். சில கேள்விகளுக்கு அதுவே போதும். அகராதியைப் பயிற்சி முடிந்தபின் திறக்கலாம். ஒவ்வொரு விடைக்கும் ஆதாரமான வரியைப் பென்சிலால் கோடிடுங்கள். கோடு போட வரி கிடைக்கவில்லையா? அந்த விடை பெரும்பாலும் உங்கள் ஊகம்தான்.

இரண்டாவது பத்தியில் வரைபடமோ அட்டவணையோ வரும். தலைப்பு, ஆண்டு, அலகு இவற்றைப் பார்க்காமல் எண்ணைத் தொடாதீர்கள்.

மாதிரி வினாத்தாள்களும் விடைக்குறிப்புகளும் சி.பி.எஸ்.இ. இணையதளத்தில் இலவசம். காசு கொடுத்து கைடு வாங்குமுன் அவற்றை முடியுங்கள். தினமும் ஆங்கில நாளிதழில் ஒரு செய்தியைப் படித்து, அதைத் தமிழில் அம்மாவிடம் சொல்லுங்கள். சொல்ல வராத இடம்தான் புரியாத இடம். அங்கே மறுபடி படியுங்கள்.