இரவில் நீர் பாய்ச்சுவோர்க்கு மின்சூள்

முறைத் தண்ணீர் இரவில் வருமாயின் கமக்காரர் வரம்பில் நடந்தே ஆகவேண்டும். வயலெலியைத் தேடித் திரியும் கண்ணாடி விரியனும் அந்நேரத்திலேயே நடமாடும். ஆதலின், வலுமிக்க எல்.ஈ.டி. மின்சூள் மண்வெட்டியைப் போலவே அவசியமான கருவியாகும். ஒளி பாம்பைத் துரத்தாது; அதனைக் காண்பதற்கே உதவும் என்பதை மறத்தலாகாது.

1. ஒளியைத் தொலைவில் வீசாது, காலுக்கு முன் ஆறடி அளவில் நிலத்திற் படும்படி பிடித்தல் வேண்டும். நீண்ட சப்பாத்து அணிதலும் நன்று.

2. நடப்பதற்குக் குறைந்த ஒளியே போதும். முழு ஒளியில் மின்கலம் விரைவில் தீரும், விளக்கும் சூடேறும். எவருடைய கண்ணிலும் ஒளியைப் பாய்ச்சலாகாது.

3. இலிதியம் அயன் மின்கலம் முழுமையாக மின்னேறியதும் 4.2 வோல்ற்றளவில் நிற்கும். அதற்குரிய மின்னேற்றியையே உபயோகித்தல் வேண்டும். வீங்கிய, உறை கிழிந்த, நீர் புகுந்த மின்கலங்களை விலக்குக, அவை தீப்பற்றக்கூடும்.

4. மாலையிலேயே விளக்கை ஏற்றிப் பார்த்துக்கொள்க.

பாம்பு தீண்டினால் கடிவாயைக் கீறுதலும் இறுகக் கட்டுதலும் ஆகா. கடியுண்ட உறுப்பை அசைக்காது, தாமதமின்றி அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும். ஒரு போகம் பிழைத்தால் மறு போகம் உண்டு, உயிர் ஒன்றே.