மூப்பு வருமுன்னே வதரி

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியை எம்பெருமான் திருநாமத்தின் பெருமையோடு தொடங்கி, அடுத்த நான்கு திருமொழிகளை இமயத்துத் திருப்பதிகளுக்கே ஆக்கியருளினார். முதற்பத்தில் இரண்டாம் திருமொழி திருப்பிரிதிக்கு, மூன்றும் நான்கும் வதரிக்கு, ஐந்தாவது சாளக்கிராமத்துக்கு. திருவரங்கத்துக்கான திருமொழிகள் ஐந்தாம் பத்தில்தான் வருகின்றன. அங்கே நான்காவது முதல் எட்டாவது வரை 50 பாசுரங்கள் பெரிய பெருமாளுக்கு அமைந்தன.

ஆண்டுதோறும் திருவத்யயன உத்ஸவத்தின் பகல்பத்தில், நம்பெருமாள் அர்ச்சுன மண்டபத்தில் எழுந்தருளியிருக்க, இவ்விமயப் பாசுரங்கள் காவிரிக் கரையில் ஒலிக்கின்றன. கேட்டு நிற்பவர்களில் பலர் வதரியைச் சேவித்தவர்களல்லர்; முதியோர் சிலருக்கு இனிப் போகவும் இயலாது. அவர்களுக்கு இப்பாசுரங்கள் என்ன சொல்லுகின்றன என்பதை இங்கே சிறிது அநுபவிப்போம்.

திருப்பிரிதி

இன்று ஜோஷிமட் என வழங்கும் ஊரிலுள்ள நரஸிம்மன் ஸந்நிதியைத் திருப்பிரிதியாகச் சேவிப்பது வழக்கமாயிருக்கிறது. ஆழ்வார் அம்மலையைக் காட்டும் விதம் நினைக்கத்தக்கது. இருண்ட குகைகளில் பசியால் வருந்தும் பாம்புகள் உண்டு. மேகம் முழங்கினால் யானையென்று எண்ணி, ஒரு மலையே நகர்ந்தாற்போலப் பெயரும் மலைப்பாம்பு உண்டு. செந்நிறமாய்ப் பூத்த அசோகைத் தீயென்று மயங்கி அஞ்சும் பேதை வண்டுகளும் உண்டு. இவ்வளவும் சொன்னபின்பும் 'அஞ்சி விலகு' என்று சொல்லவில்லை. அங்கே சென்று சேரும்படி நெஞ்சை ஏவுகிறார்.

மலையின் அழகையும் அச்சத்தையும் காண்பதற்காகவே இந்நாளில் பலர் இமயம் ஏறுகிறார்கள். ஆழ்வாரும் இரண்டையும் கண்டார். ஆயினும் அவற்றோடு நின்றாரல்லர். எம்பெருமான் உகந்தருளின நிலமாகையாலே அங்குள்ள பாம்பும் வண்டும் பாசுரத்தில் இடம்பெற்றன. யாத்திரை செய்வோர் பனிமலையைக் கண்டு வியப்பது குற்றமன்று. வியப்பு அதை உடையவன் திருவடிகளிலே சென்று முடியவேண்டும் என்பதே நாம் இங்குக் கொள்ளத்தக்கது.

வதரி: காலத்தைக் குறித்த எச்சரிக்கை

மூன்றாம் திருமொழியில் மலை வருணனை குறைந்து, மனித உடலின் வருணனை மிகுகிறது. கோலே துணையாகக் குனிந்து, அடுத்த அடியை மட்டும் பார்த்து நடக்கும் நிலை; முதுகை ஒரு கையால் தாங்கும் நிலை; சொல் தளர்ந்து இருமி இளைக்கும் நிலை; நரம்புகள் உறிக்கயிறுபோல் மேலெழுந்த நிலை; முன்பு விரும்பிய பெண்களே பார்த்துச் சிரிக்கும் நிலை. இவையெல்லாம் வருமுன்னே வதரியை வணங்குவோம் என்கிறார். தம்மையும் உட்படுத்திப் பன்மையாலே சொல்லுகையால், பிறரைக் கடிந்த பேச்சாக இதனைக் கொள்ளலாகாது. கூட வருவாரைக் கைப்பிடித்து அழைக்கும் பேச்சு இது.

வதரி ஏறத்தாழ 3,100 மீட்டர் உயரத்தில், நர நாராயண பர்வதங்களினிடையே அலகநந்தை கரையில் உள்ளது. சித்திரை வைகாசியில் நடை திறந்து, ஐப்பசி கார்த்திகையில் பனிக்கு முன் சாத்தப்படும். இன்று ஸந்நிதி அருகுவரை வண்டி செல்லுகிறது. ஆயினும் காற்று மெலிந்த அவ்வுயரம் நெஞ்சுக்கும் மூச்சுக்கும் சோதனையே. 'ஓய்வு பெற்றபின் போவோம், பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆனபின் போவோம்' என்று தள்ளிவைப்பார்க்கு ஆழ்வார் சொன்ன 'முன்னே' இன்றும் பொருந்தும்.

ஒரு சங்கை

இங்கே ஒரு சங்கை எழும். மூப்பு முன்னமே வந்துவிட்டவர்கள், மருத்துவர் மலையேறலாகாது என்று விலக்கியவர்கள், பொருளின்மையாலே போகமாட்டாதவர்கள் இழந்தவர்கள்தாமோ?

அல்லர். இதற்கு ஆழ்வார்களின் அடைவிலேயே விடையுண்டு. வதரிக்கு ஆழ்வார் ஒரு திருமொழியோடு நிற்கவில்லை. நான்காம் திருமொழியையும் அங்கேயே அருளினார். அதில் 'புறப்படு' என்னும் ஏவல் இல்லை. கங்கைக் கரையில் வதரியாசிரமத்தில் இருப்பவன் இன்னான் என்று, அவன் செயல்களைச் சொல்லிச் சொல்லித் தலைக்கட்டுகிறார். இடையே ஒரு பாசுரத்தில் நெஞ்சை அழைத்து, தொழுது எழும்படி சொல்லுகிறார். முந்தின திருமொழி நடக்கவல்லார்க்கு என்றால், இத்திருமொழி இருந்தவிடத்தே இருந்து தொழுவார்க்கும் ஆம் என்று கொள்ளுகிறோம்.

பெரியாழ்வார் திருமொழியிலும் இதற்குத் துணை உண்டு. நான்காம் பத்தின் ஏழாம் திருமொழியில், இன்று தேவப்பிரயாகை எனப்படும் கண்டமென்னும் கடிநகரையும் அங்குள்ள கங்கையையும் பாடினார். பாகீரதியும் அலகநந்தையும் கலந்து கங்கையென்று பெயர் பெறும் இடம் அது. அதையடுத்த மூன்று திருமொழிகளும் திருவரங்கத்துக்கு. அவற்றில் கடைசியானது 'துப்புடையாரை'. இளைப்பு வந்து நலியும் கடைசிக் காலத்தில் நினைக்க இயலாமற்போகும் என்று, அரவணைமேல் கிடப்பவனிடம் அன்றைக்கு வேண்டியதை இன்றே சொல்லிவைக்கிறார். அங்கே திருமங்கையாழ்வார் 'முன்னே செல்வோம்' என்றார். இங்கே பெரியாழ்வார் 'முன்னே சொல்லிவைத்தேன்' என்கிறார். கால் தளர்ந்தபின்பும் நா தளராதிருக்குமளவும் இரண்டாவது வழி அடைபடுவதில்லை. வதரிக்குப் போகமாட்டாத ஸ்ரீரங்கத்துப் பாட்டியும், வெளிநாட்டில் படுக்கையிலிருந்தபடி ஸேவாகாலம் கேட்கும் பெரியவரும் இத்திருமொழிக்கு உரியவர்களே.

இதனை இளையோர் தமக்குச் சாக்காகக் கொள்ளலாகாது. போகமாட்டாதார்க்குச் சொன்ன ஆறுதல் போகவல்லார்க்கு அன்று.

யாத்திரை செய்வார்க்குச் சில

சமவெளியிலிருந்து செல்வோர் ஒரே மூச்சில் வதரி ஏறவேண்டா. ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரமுள்ள ஜோஷிமட்டில் ஓரிரவு தங்கித் திருப்பிரிதியைச் சேவித்து ஏறினால் உடலும் பழகும். திருமொழிகளின் அடைவும் நிற்கும். இதய நோய், மூச்சுநோய் உடையார் புறப்படுமுன் மருத்துவரைக் கேட்பது அவசியம். உத்தராகண்ட அரசின் யாத்திரைப் பதிவை முன்னமே செய்துகொள்ளவேண்டும். ஆடி ஆவணி மழையில் மலைச்சரிவு மிகுதியாகையால் அக்காலத்தைத் தவிர்ப்பது நன்று. முதியோரை உடன் அழைத்துச் செல்லும் இளையோர், அவர்களின் நடைக்குத் தம் நடையைக் குறைத்துக்கொள்வதும் ஒரு கைங்கர்யமே.

2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் நிலம் தாழ்ந்து வீடுகள் பல விரிசலுற்றன, குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. மலையும் தளர்வதுண்டு என்பதற்கு அது சான்று. குப்பையைக் கங்கையில் எறியாமையும், வேண்டாத வசதிகளை அங்கே தேடாமையும் அம்மண்ணுக்கு நாம் செய்யத்தக்கவை.

உடல் இடங்கொடுக்கும்போதே வதரிக்குப் புறப்படுவோம். இடங்கொடாதார், வதரியிலிருப்பவனே அரங்கத்தில் கண்வளர்ந்தருளுகிறான் என்று தேறி, அவ்விரண்டு திருமொழிகளையும் நாள்தோறும் அநுஸந்திப்போம்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்