காணாமற்போன பிள்ளையைத் தேடப் புறப்படும் தம்பிக்கு

தம்பி, வரன் விசாரிப்பதும் கடன் வாங்கி ஓடியவனைத் தேடிப் பிடிப்பதும்தான் நம் துப்பறியும் தொழிலுக்குச் சோறு போடுபவை. நீயோ வந்ததும் வராததுமாக, ரேணிகுண்டாவில் பல வருடங்களுக்கு முன் தொலைந்த ஒரு பிள்ளையின் கேஸைக் கையில் எடுத்திருக்கிறாய். தடுக்க எனக்கு மனம் வரவில்லை. இந்தத் தொழிலிலேயே தலை நரைத்தவன் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்லி வைக்கிறேன்.

1. "கண்டுபிடித்துத் தருகிறேன்" என்று வாக்குக் கொடுக்காதே. "தேடிப் பார்க்கிறேன்" என்று சொல், போதும். மை போட்டுப் பார்த்தவர், குறி சொன்னவர், வடக்கே ஏதோ ஓர் ஊரில் பிள்ளையைப் பார்த்ததாகச் சொல்லிப் பணம் வாங்கியவர் என்று உனக்கு முன்னால் பலர் அந்தப் பிள்ளையின் வீட்டு வாசலை மிதித்திருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நகை அடகுக்கடைக்குப் போயிருக்கும். பிள்ளையைத் தொலைத்தவளுக்குப் பேரம் பேச வராது, கேட்டதைக் கொடுத்துவிடுவாள். ஆகையால் நீயே குறைத்துக் கேள். எதுவரை தேடுவது, எங்கே நிறுத்துவது என்பதையும் முதல் நாளே பேசிவிடு.

2. நீ போலீஸ்காரன் இல்லை. தனியார் துப்பறியும் நிறுவனங்களை முறைப்படுத்த 2007இல் மாநிலங்களவையில் ஒரு மசோதா வந்தது, சட்டமாகவில்லை. உன் அடையாள அட்டைக்கு அச்சுக்கூலிதான் மதிப்பு. யாரையும் விசாரணைக்கு வா என்று அழைக்க உனக்கு அதிகாரம் இல்லை. யாருடைய போன் அழைப்புப் பட்டியலையும் வாங்கப் போகாதே. 2018இல் தாணே போலீஸ் அதற்காகவே துப்பறிவாளர்கள் பலரைப் பிடித்து உள்ளே வைத்தது. ஸ்டேஷனில் பணிவாகப் பேசு. ரைட்டரிடம் முதலில் கேட்க வேண்டியது, எஃப்.ஐ.ஆர். உண்டா என்பதுதான். பிள்ளையைக் காணோம் என்ற புகாரை எஃப்.ஐ.ஆராகப் பதிந்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2013 மே மாதத்தில்தான். அதற்கு முந்தைய புகார்கள் பல வெறும் மனுவாகவே தூங்கின. பதியவில்லை என்றால் பெற்றோரை இப்போதாவது பதியச் சொல். ரேணிகுண்டா இன்று திருப்பதி மாவட்டம். 2022 ஏப்ரலுக்கு முந்தைய காகிதங்களில் சித்தூர் என்றிருக்கும், குழம்பாதே. ஓடும் ரயிலில் தொலைந்த பிள்ளை என்றால் மாநில ரயில்வே போலீஸிடமும் போக வேண்டும். ரயில்வே பாதுகாப்புப் படையான ஆர்.பி.எஃப். வேறு, அவர்கள் வேறு.

3. ஒரு நாள் முழுக்க ரேணிகுண்டா ஜங்ஷனில் சும்மா உட்கார். அரக்கோணம் வழியாகச் சென்னைக்கு, கூடூர் வழியாக விஜயவாடாவுக்கு, கடப்பா, குந்தக்கல் வழியாக மும்பைக்கு, திருப்பதி வழியாகக் காட்பாடிக்கு என்று நாலு திசையிலும் வண்டி பிரிகிறது. தூக்கக் கலக்கத்தில் வண்டி மாறி ஏறிய பிள்ளை விடியும்போது எந்த மாநிலத்தில் இருக்கும் என்று எண்ணிப்பார். 1986இல் மத்தியப் பிரதேசத்தில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன், பின்னாளில் சரூ பிரையர்லி என்று உலகம் அறிந்தவன், புர்ஹான்பூர் ஸ்டேஷனில் ஒரு காலிப் பெட்டியில் தூங்கிப்போய் ஹவுராவில் இறங்கினான். ஊர்ப் பெயரைச் சொன்னான். மழலையில் திரிந்திருந்த பெயர் யாருக்கும் விளங்கவில்லை. அடுத்த வருடமே தாஸ்மேனியாவுக்குத் தத்துப் போய்விட்டான். வளர்ந்த பிறகு, நினைவில் நின்ற ஸ்டேஷனையும் தண்ணீர்த் தொட்டியையும் கூகுள் எர்த்தில் தேடித்தேடி, 2012இல் காண்ட்வாவில் தாயின் முன் வந்து நின்றான். அந்தத் தாய் என்றாவது வருவான் என்று அந்த வட்டாரத்தை விட்டே போகவில்லை. உன்னிடம் வந்த பெற்றோரிடமும் சொல்: வீடு மாறினால் பழைய வீட்டுக்காரரிடம் விலாசம் கொடுத்துவிட்டுப் போகட்டும், போன் எண்ணை மாற்ற வேண்டாம்.

4. போட்டோவை நம்பி ஏமாறாதே. ரேணிகுண்டாவில் தொலையும் பிள்ளைகளில் பலர் திருமலைக்குப் போனவர்கள் அல்லது போய்த் திரும்பியவர்கள். வீட்டில் எடுத்துக் கொடுக்கும் படத்தில் இரட்டைப் பின்னலும் கனகாம்பரமும் இருக்கும். கல்யாணக்கட்டாவில் முடியிறக்கி, மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய பிறகு அதே பிள்ளையைச் சொந்த அத்தையே கூட்டத்தில் தவறவிடுவாள். முடி இறக்கியாயிற்றா என்று கேள். காது குத்தியிருந்ததா, எந்த முழங்காலில் தழும்பு, தண்ணீர் வேண்டுமென்றால் என்ன சொல்லிக் கேட்கும், அம்மாவை எப்படிக் கூப்பிடும் என்றெல்லாம் கேள். இந்த எல்லைப் பக்கத்து வீடுகளில் தமிழும் தெலுங்கும் கலந்தே புழங்கும். தொலைதூரத்துக் குழந்தைகள் விடுதிக் கணக்கில் அந்தப் பிள்ளை வெறும் "மதராஸி" என்று பதிவாகியிருக்கலாம். சென்னை சாலிகிராமத்தில் 2011இல் காணாமற்போன குழந்தை இப்போது எப்படி இருக்கும் என்று போலீஸார் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு படம் உருவாக்கினார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் அப்படி ஒரு படத்தை நீ காட்டினால், அது ஊகம் என்பதை முதலில் தாயிடம் சொல்லிவிட்டுக் காட்டு. பார்த்தவுடன் அதையே தன் பிள்ளையின் முகமாகப் பிடித்துக்கொள்வாள்.

5. வீட்டுக்குள்ளும் பார்க்க வேண்டும். சொத்துச் சண்டை, சித்தப்பனின் கடன், இரண்டாம் கல்யாணம். கேள், ஆனால் எல்லார் முன்னாலும் கேட்காதே.

6. அடையாளம் தெரியாத சடலங்களின் படங்களை ரயில்வே போலீஸ் வைத்திருப்பார்கள். அதை முதலில் நீ தனியாகப் பார். பல படங்களைப் புரட்டிய பிறகு அன்று சோறு இறங்காது, இறங்கவும் வேண்டாம். சந்தேகம் வந்தால் மட்டும் தகப்பனைக் கூப்பிடு. ஏழு வருடம் தகவல் இல்லாதவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்று சாட்சியச் சட்டத்தில் இடமுண்டு. பங்காளிகள் யாராவது அதை உன் வாயால் சொல்ல வைக்கப் பார்ப்பார்கள். அது கோர்ட்டின் வேலை. உனக்கு அதில் பேச்சில்லை.

7. இதுதான் எல்லாவற்றிலும் கடினம். நீ தேடுவது குழந்தையை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். கிடைத்தால் உன் முன் நிற்பது மீசை முளைத்த ஒருவனாகவோ, கைக்குழந்தையோடு ஒருத்தியாகவோ இருக்கும். வேறு வீட்டுக்குத் தத்துப் போய் வளர்ந்த பிள்ளையாகவும் இருக்கலாம். 1990களின் கடைசியில் சென்னையின் ஏழைத் தெருக்களில் திருடப்பட்ட குழந்தைகள் மலேசியன் சோஷியல் சர்வீசஸ் என்ற அமைப்பு வழியாக வெளிநாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டதாக 2005இல் வழக்கு வெடித்தது; பிறகு சி.பி.ஐ. கைக்குப் போனது. வெளிநாட்டுத் தத்துக்கு 1984இலேயே உச்ச நீதிமன்றம் விதிமுறை வகுத்திருந்தும் இப்படி. தங்கள் பிள்ளை நெதர்லாந்தில் வளர்கிறான் என்று நம்பிய சென்னைப் பெற்றோர் மரபணுச் சோதனை கேட்டு அந்நாட்டு நீதிமன்றப் படி ஏறினார்கள். பெற்றவளின் வயிற்றெரிச்சல் நியாயமானது. தூக்கி வளர்த்தவள் எதுவும் அறியாதவளாக இருக்கலாம். நடுவில் நிற்பவனுக்கோ இந்தச் சேதியே புதிது. ஆகவே விலாசம் கிடைத்த அன்றே தாயை அழைத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டாதே. முதலில் அவனிடம் தனியே சொல், அவகாசம் கொடு, பார்க்க விரும்பவில்லை என்றால் அவன் விலாசத்தைத் தாய்க்குக்கூடத் தராதே, உயிரோடு நலமாக இருக்கிறான் என்பதை மட்டும் அவன் சம்மதித்தால் சொல். இதில் என்னோடு சண்டை போடும் தொழில்காரர்கள் உண்டு. காசு கொடுத்தவள் தாயல்லவா என்பார்கள். நான் மாற்றிக்கொள்ளப் போவதில்லை. பதினெட்டு நிறையாத பிள்ளை என்றால் நீ முடிவெடுக்கவே கூடாது. 1098க்குச் சொல், குழந்தைகள் நலக் குழு பார்த்துக்கொள்ளும். பத்திரிகைக்காரர் யாரும் உன்னிடமிருந்து பெயரோ படமோ பெறக் கூடாது, சட்டமும் அதைத் தடுக்கிறது.

8. கிடைக்காமலும் போகும். அப்போது கைவிரித்துவிட்டு மறைந்துவிடாதே. எந்தெந்த ஸ்டேஷன், எந்தெந்த விடுதி, யாரைக் கேட்டாய், என்ன பதில் என்பதை அவர்கள் வாசிக்கும் மொழியில், தெலுங்கென்றால் தெலுங்கில், எழுதிக் கொடு. வாங்கிய போட்டோக்களையும் பிறப்புச் சான்றையும் எண்ணித் திருப்பிக் கொடு. பல வீடுகளில் அந்தப் படத்துக்கு வேறு பிரதி இருக்காது.