இடி இடிக்கும் முன்பே…

மீன்சுருட்டிப் பக்கம் மழைக்கு ஒதுங்க முந்திரித் தோப்புதான் கண்ணில் படும். தயவுசெய்து அங்கே ஒதுங்காதீர்கள். மரத்தில் இறங்கும் மின்னல் அடியில் நிற்பவர் மேலும் பாயும். கான்கிரீட் வீடோ, கதவு மூடிய காரோ, பேருந்தோதான் பாதுகாப்பு. வெட்டவெளியில் மாட்டிக்கொண்டால் கால்களைச் சேர்த்துக் குந்துங்கள், படுக்க வேண்டாம்.

மின்னல் வெட்டியதும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று விநாடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி கேட்டால் உடனே வீட்டுக்குள் போய்விடுங்கள். கடைசி இடிக்குப் பிறகும் அரை மணி நேரம் வெளியே வரவேண்டாம். நடவு வயலில் இருப்பவர்களும் ஆடு மேய்ப்பவர்களும் இதில்தான் அவசரப்படுகிறார்கள்.

வானிலை அறிக்கையில் 'கனமழை' என்றால் ஒரு நாளில் 7 முதல் 11 செ.மீ., 'மிகக் கனமழை' 12 முதல் 20, அதற்கும் மேல் 'அதி கனமழை'. அரியலூர் மாவட்டத்தின் பெயர் ஆரஞ்சு எச்சரிக்கையில் வந்தால், காயவைத்த நெல்லை முதல் நாளே அள்ளிவிடுங்கள். கொள்ளிடக் கரையோரம் மாடு கட்டியிருப்பவர்கள் மேட்டுக்கு ஓட்டிவிடுவது நல்லது. கைப்பேசியில் 'தாமினி' செயலி இருந்தால் சுற்றுவட்டார மின்னலைக் காட்டும்.

மின்னல் தாக்கியவரைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்பது தவறான பயம். அவர் உடம்பில் மின்சாரம் தங்காது. மூச்சில்லை என்றால் 108-ஐ அழைத்துவிட்டு, நெஞ்சின் நடுவில் விடாமல் அழுத்துங்கள். ஆனால் அறுந்து கிடக்கும் மின்கம்பியை மட்டும் நெருங்கவே கூடாது. மாவட்டப் பேரிடர் உதவிக்கு 1077.