மென்மர வாங்குகளைப் பேணல்

கமக்காரர் முற்றத்திலிடும் பைன், மலைவேம்பு முதலிய மென்மர வாங்குகள் வெயிலால் நரைத்து வெடிக்கும். வெடிப்புகளில் மழைநீர் தங்கின் பூஞ்சணம் பற்றி மரம் உக்கும். கால்நுனிகளின் வெட்டுமுகமே நீரை மிகுதியாக உறிஞ்சுவதால், கேடு பெரும்பாலும் அங்கேயே தொடங்கும்.

எனவே வடக்கு, கிழக்குப் பகுதிகளிலுள்ளோர் வடகீழ்ப் பருவமழைக்கு முன், ஆவணி மாதத்தில், வாங்கைக் கவிழ்த்து நிழலில் உலர்த்துதல் வேண்டும். நரைத்த மேற்பரப்பை அரத்தாளால் தேய்த்து நீக்கி, அடிப்பூச்சிட்டு, வெளிவேலைக்குரிய வர்ணத்தை 2 முறை பூசுக. கால்நுனிகளுக்கு 3 முறை பூசுதல் நன்று. வாங்கை மண்ணில் வையாது கற்களின்மேல் நிறுத்துக.

இயந்திரக் கழிவெண்ணெய் பூசலாகாது. அது மழையிற் கழுவுண்டு மரக்கறிப் பாத்திகளை மாசுபடுத்தும்.

ஆண்டுதோறும் கால்நுனியைக் கூரிய ஆணியாற் குத்திப் பார்க்க வேண்டும். ஆணி எளிதில் இறங்கின் அக்காலை உடனே மாற்றுக. வர்ணத்தின் கீழ் உக்கிய கால், அமர்ந்த முதியவரை வீழ்த்திவிடும்.