ஆங்கிலப் பாடம்: வீட்டுக் குப்பை துவாஸ் செல்லும் வழி

உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஆங்கிலத்தில் எழுத நேரும் கட்டுரைத் தலைப்புகளுள் சுற்றுப்புறம் என்பது அடிக்கடி இடம்பெறுவதாகும். வினாத்தாளில் அத்தலைப்பைக் கண்டதும் பலர் முகம் மலர்கிறது. அதற்குரிய வாக்கியங்கள் முன்னரே மனப்பாடமாகி இருப்பதே காரணம். உலகம் வெப்பமடைகிறது, பனிப்பாறைகள் உருகுகின்றன, காடுகள் அழிக்கப்படுகின்றன, ஆகவே நாம் அனைவரும் சுற்றுப்புறத்தைப் பாதுகாக்க வேண்டும் என்று கட்டுரை ஓடி முடிந்துவிடும். இவற்றுள் பொய்யான செய்தி ஒன்றும் இல்லை. ஆயினும், எழுதியவர் எந்த ஊரில் வாழ்கிறார், நாள்தோறும் எதை உண்டு எதை எறிகிறார் என்பதை அக்கட்டுரையிலிருந்து அறிய இயலாது. ஆசிரியப் பணியிலிருந்த காலத்தில் இத்தகைய கட்டுரைகளைக் கட்டுக்கட்டாகத் திருத்தியிருக்கிறேன். பனிக்கரடி வராத கட்டுரை அரிது. வீட்டுக் குப்பைக்கூடை வந்த கட்டுரை அதனினும் அரிது.

எனவே, இம்மாதப் பாடத்திற்கு நம் தீவின் மேற்குக் கோடியாகிய துவாஸை எடுத்துக்கொள்வோம். சுற்றுப்புறம் பற்றி ஆங்கிலத்தில் எழுதத் தேவையான சொற்களும் இலக்கணமும் அங்கே நிறைய உண்டு.

முதலில் ஊர்ப் பெயரைப் பார்ப்போம். மலாய் மீனவர்கள் தென்னை ஓலைகளையும் மரக்கிளைகளையும் கடலில் இட்டு, அந்நிழலை நாடி வரும் மீன்களை வலையால் தூக்கிப் பிடிக்கும் முறைக்கு “மெனுவாஸ்” என்று பெயர். அதிலிருந்தே துவாஸ் என்ற பெயர் வந்தது என்பர். மீனவர் வாழ்ந்த அக்கரையோரம் 1980களில் கடலைத் தூர்த்து விரிவாக்கப்பட்டுப் பெருந் தொழிற்பேட்டையாயிற்று. 1998ஆம் ஆண்டு ஜொகூருக்குச் செல்லும் இரண்டாம் பாலம் அங்கே திறக்கப்பட்டது. 2017ஆம் ஆண்டு பெருவிரைவு ரயிலும் அவ்வூரை எட்டியது. தமிழகத்திலிருந்து வந்து உழைக்கும் ஊழியர் பலர் தங்கும் விடுதிகளும் அப்பகுதியில் உள்ளன. ஆனால் நம் பாடத்திற்கு வேண்டியது, அங்கே 1986ஆம் ஆண்டு செயல்படத் தொடங்கிய குப்பை எரியாலையும் அதன்பின் வந்தவையுமே. 1979ஆம் ஆண்டு உலு பாண்டானில் அமைந்ததே சிங்கப்பூரின் முதல் எரியாலை. 2000ஆம் ஆண்டு தெற்குத் துவாஸில் அமைந்த ஆலை நாளொன்றுக்கு 3,000 டன் குப்பையை எரிக்கும் வகையில் கட்டப்பட்டது.

இப்போது ஓர் ஆங்கிலத் தொடரைக் கவனியுங்கள்: “த்ரோ அவே”. “த்ரோ” என்றால் எறி. “அவே” என்றால் அப்பால். தமிழில் நாம் “தூக்கி எறி” என்கிறோம். ஆங்கிலத் தொடரோ எறிந்த பொருள் வேறிடம் போய்விட்டது என்ற எண்ணத்தையும் உடன் சேர்த்துத் தருகிறது. ஆனால் எவ்விடம் என்று சொல்வதில்லை. பரந்த நாடுகளில் வாழ்வோர் அக்கேள்வியைக் கேட்காமலே காலம் கழித்துவிடலாம். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரு மணி நேரத்தில் சென்றுவிடக்கூடிய தீவில் அதற்கு வழியில்லை. நம்முடைய “அவே” என்ற சொல்லுக்கு முகவரி உண்டு.

அம்முகவரிக்குச் செல்லும் வழி இது. பழைய அடுக்குமாடிக் கட்டடங்களில் சமையலறைக்குள்ளேயே குப்பை போடும் குழாய் இருக்கும். பின்னர் கட்டப்பட்டவற்றில் வீட்டுக்கு வெளியே மாடிக்குப் பொதுவாக அமைந்திருக்கும். குழாய் வழியே விழுந்த பையைக் கீழ்த்தளத்திலிருந்து லாரி ஏற்றிச் செல்கிறது. ஆலையில் லாரி எடைபோடப்பட்டு, ஆழ்ந்த குழியொன்றில் குப்பையைக் கொட்டுகிறது. நாற்றம் வெளியேறாதிருக்கும் பொருட்டு அக்குழியின் காற்றழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவாக வைக்கப்பட்டிருக்கும். பாரந்தூக்கி அதனை அள்ளி உலைக்குள் இடுகிறது. உலையின் வெப்பம் 850 முதல் 1,000 டிகிரி செல்சியஸ் வரை. அவ்வெப்பத்தில் கொதிகலனில் நீராவி உண்டாகி மின்சாரம் தயாராகிறது. சாம்பலில் கிடக்கும் இரும்பைக் காந்தம் பிரித்தெடுக்கிறது. இறுதியில் எஞ்சுவது, வந்த குப்பையின் கன அளவில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு சாம்பல்.

சாம்பலும் துவாஸிலேயே தங்கிவிடுவதில்லை. எந்த எரியாலையில் எரிந்ததாயினும், அது துவாஸில் உள்ள கடல்வழி மாற்று நிலையத்திற்குக் கொண்டுவரப்பட்டுத் தட்டைப் படகில் கொட்டப்படுகிறது. கப்பல் போக்குவரத்துக் குறைந்த இரவு வேளையில் இழுவைப் படகு அதனை ஏறக்குறைய 3 மணி நேரம் இழுத்துச் சென்று தெற்கே செமாக்காவ் தீவில் சேர்க்கிறது. அங்குள்ள குப்பை நிரப்பு நிலம் 1999ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. செமாக்காவிலும் அதன் அண்டைத் தீவாகிய சாக்கெங்கிலும் முன்பு மலாய் மீனவர் குடும்பங்கள் வாழ்ந்து வந்தன. அவர்கள் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடியேறிய பின்னர், இரு தீவுகளையும் சேர்த்து 7 கிலோமீட்டர் நீளக் கற்கரை எழுப்பப்பட்டுக் கடல் அடைக்கப்பட்டது. துவாஸில் மீனவர் துறை தொழிற்பேட்டையாயிற்று. செமாக்காவில் மீனவர் கடல் சாம்பல் நிலமாயிற்று. நாம் எறிந்த பொருள் இரண்டு மீனவர் இடங்களைக் கடந்து செல்கிறது என்பதை எழுத மாணவர் எவரும் ஆர்க்டிக் வரை போக வேண்டியதில்லை.

இனி இலக்கணத்திற்கு வருவோம். மேலே சொன்ன வழியை ஆங்கிலத்தில் எழுதும்போது செயப்பாட்டு வினை இயல்பாக வரும். “தி ஆஷ் இஸ் டேக்கன் டு செமாக்காவ் அட் நைட்” என்பது நல்ல வாக்கியம். சாம்பல் இரவில் கொண்டுசெல்லப்படுகிறது; படகோட்டியின் பெயர் இங்கே தேவையில்லை. இயந்திரங்களும் முறைகளும் பற்றி எழுதுகையில் செயப்பாட்டு வினை சிறந்த கருவியாகும். அறிவியல் பாடத்தில் சோதனையை எழுதும் முறையும் அதுவே.

அதே வினையை வேறிடத்தில் வைத்துப் பாருங்கள். “டூ மெனி பிளாஸ்டிக் கப்ஸ் ஆர் த்ரோன் அவே” என்று ஒரு மாணவி எழுதுகிறாள். அளவுக்கு மீறிய பிளாஸ்டிக் குவளைகள் எறியப்படுகின்றன. யாரால்? வாக்கியத்தில் விடை இல்லை. தமிழில் “எறிந்தேன்” என்றால் வினையின் ஈற்றிலேயே நான் நிற்கிறேன். “எறிந்தாய்” என்றால் நீ நிற்கிறாய். வேண்டுமென்றால் தமிழிலும் “எறியப்பட்டது” என்று ஒளிந்துகொள்ளலாம்; ஆனால் நம் அன்றாடப் பேச்சு அப்படி அமைவதில்லை. ஆங்கிலக் கட்டுரையில் அவ்வொளிவிடம் மிக எளிதாகக் கிடைத்துவிடுகிறது. “ஐ பாட் டூ கப்ஸ் ஆஃப் பபிள் டீ திஸ் வீக்” என்று எழுதிப் பார்க்கட்டும். இவ்வாரம் நான் இரண்டு குவளை பபிள் டீ வாங்கினேன். சொற்கள் எளியவை, இலக்கணப் பிழைக்கும் இடம் குறைவு. படிப்பவர் நிமிர்ந்து உட்கார்வார். செய்தவர் யார் என்பது பொருட்டில்லாத இடத்தில் செயப்பாட்டு வினையும், செய்தவர் நாமே ஆகும்போது செய்வினையும் ஆளுதல் நலம்.

குப்பையைக் குறிக்க ஆங்கிலத்தில் சொற்கள் பல. மாணவர் அவற்றை ஒன்றுக்கொன்று மாற்றி எழுதிவிடுகின்றனர். “லிட்டர்” என்பது எறியத் தகாத பொது இடத்தில் எறியப்பட்டது. (நீரை அளக்கும் லிட்டர் வேறு, ஆங்கில எழுத்தும் வேறு.) மின்தூக்கி வாயிலில் கிடக்கும் மிட்டாய்த் தாள் “லிட்டர்”. அதே தாள் குப்பைக்கூடைக்குள் போனால் “ரப்பிஷ்”. “வேஸ்ட்” என்பது இவற்றைவிட விரிந்த சொல். தொழிற்சாலைக் கழிவு, உணவுக் கழிவு, கழிவுநீர் யாவும் அதில் அடங்கும். அதுவே வினையாகும்போது வீணாக்குதல் என்ற பொருளையும் தரும். இம்மூன்றும் ஆங்கிலத்தில் எண்ணவியலாப் பெயர்களாகவே வழங்கும். தமிழில் “குப்பைகள்” என்பதைப் போல “ரப்பிஷஸ்” என்று எழுதுதல் பிழை. “எ பீஸ் ஆஃப் ரப்பிஷ்” என்றே எண்ண வேண்டும்.

இவ்வேறுபாடு சொல்லளவில் நிற்பதன்று. 1968ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் சிங்கப்பூரைத் தூய்மையாக வைத்திருக்கும் இயக்கம் தொடங்கப்பட்டது. அது தொடுத்த போர் “லிட்டர்” என்பதன் மீது. தெருக்கள் தூய்மையாயின, பிற நாட்டார் வியந்தனர். ஆனால் தெருவில் விழாத குப்பை, குறைந்துபோன குப்பை ஆகாது. எவ்வளவு எறிந்தாலும் சரியான இடத்தில் எறிந்தால் போதும் என்ற பழக்கம் நம்மிடம் ஊறிவிட்டது என்பது என் கருத்து. துப்புரவான மாடிப்படியைக் காட்டி இங்கே “வேஸ்ட்” இல்லை என்று எழுதும் மாணவர், உண்மையில் “லிட்டர்” இல்லை என்றே எழுத வேண்டும்.

நீலத் தொட்டியில் போட்டால் போதாதா என்று கேட்கலாம். மறுபயனீட்டிற்கான அத்தொட்டிகளில் சேர்பவற்றுள் ஏறக்குறைய 40 விழுக்காடு பயன்படுத்த இயலாதவை என்று தேசிய சுற்றுப்புற வாரியம் தெரிவித்திருக்கிறது. பாதி குடித்த பபிள் டீக் குவளையே போதும். அதன் பாலும் சர்க்கரையும் கசிந்து, பக்கத்தில் உள்ள நல்ல தாள்களையும் கெடுத்துவிடும். வீடுகளில் சேரும் கழிவில் மறுபயனீட்டுக்குச் சென்றது 2022ஆம் ஆண்டு 12 விழுக்காடு மட்டுமே.

பிளாஸ்டிக்கை விட்டு இயற்கைப் பொருளுக்கு மாறினால் போதும் என்பது மற்றொரு வாதம். நம்மவர் இதற்கு வாழையிலையை எடுத்துக்காட்டுவர். தேக்கா வட்டாரத்தில் இலைபோட்டு உண்பது நமக்குப் பெருமைதான். ஊரில் உண்ட இலையை மாடு தின்னும், அல்லது எருக்குழி ஏற்கும். இங்கே இலையும் பிளாஸ்டிக் கரண்டியும் ஒரே பையில் சேர்ந்து ஒரே உலைக்குப் போகின்றன. சோறும் குழம்பும் ஒட்டிய ஈரக் குப்பை உலைக்கு உவப்பானதும் அன்று. இதனை மாற்றும் பொருட்டே, உணவுக் கழிவையும் கழிவுநீர்ச் சேற்றையும் சேர்த்து எரிவாயு எடுக்கும் புதிய வளாகம் ஒன்றின் கட்டுமானம் 2020ஆம் ஆண்டு துவாஸில் தொடங்கப்பட்டது.

இளையர் வாழ்வில் குவளையைவிடப் பெரிய செய்திகளும் உள்ளன. இணையத்தில் வாங்கும் சட்டை அட்டைப்பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறையோடு வருகிறது. நான்குமுறை உடுத்தியதும் அலுத்துவிடுகிறது. கைத்தொலைபேசி பழுதாகுமுன்னரே மாற்றப்படுகிறது. (“மாற்றப்படுகிறது” என்று நானும் செயப்பாட்டு வினைக்குள் ஒளிந்துகொண்டதைக் கவனித்திருப்பீர்கள். இளையர் மாற்றுகின்றனர், பெற்றோர் பணம் தருகின்றனர்.) பழைய தொலைபேசி குப்பைக் குழாய்க்குரியது அன்று, 2021ஆம் ஆண்டு ஜூலை முதல் அத்தகைய மின்னணுக் கழிவைத் திரட்டும் பொறுப்பு சட்டப்படி உற்பத்தியாளர்களைச் சேர்ந்தது. 2023ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள் முதல் பெரிய பேரங்காடிகளில் பை ஒன்றுக்குக் குறைந்தது 5 காசு கட்டணம் வந்தது. அன்றுமுதல் நம் தாய்மார் மடித்துவைத்த துணிப்பைகள் மீண்டும் வெளியே வந்தன. பையை மடித்துவைக்கும் வழக்கத்திற்கு “ரீயூஸ்” என்ற ஆங்கிலப் பெயர் உண்டென்று நம் பாட்டிமார் அறிந்திருக்கவில்லை, அவ்வளவே.

காலங்காட்டும் வினைகளிலும் ஒரு நுட்பம் உண்டு. செமாக்காவ் நிலம் 2035ஆம் ஆண்டளவில் நிரம்பிவிடும் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. இதனை “வில் பி ஃபுல்” என்று எழுதினால், சூரியன் உதிக்கும் என்பதைப்போல உறுதியாகிவிடும். “இஸ் எக்ஸ்பெக்டெட் டு பி ஃபுல்” என்பதே பொருத்தம். அது மதிப்பீடு, நாம் அனுப்பும் சாம்பலின் அளவைப் பொறுத்து முன்னும் போகலாம், பின்னும் போகலாம். 2030ஆம் ஆண்டுக்குள் அங்கே ஆளொன்றுக்கு அனுப்பும் கழிவை 30 விழுக்காடு குறைப்பதென 2019ஆம் ஆண்டு அரசாங்கம் இலக்கு வகுத்தது. இன்று உயர்நிலை மூன்றில் படிப்பவர் 2035இல் வேலைக்குச் சென்று தமக்கென ஒரு வீடு தேடும் வயதினராக இருப்பார். அவ்வீட்டிலும் குப்பைக் குழாய் இருக்கும். அதன் மறுமுனை எங்கே முடியும் என்பது இன்னும் எழுதப்படாத வாக்கியம்.

பயிற்சி: இன்றிரவு உங்கள் வீட்டுக் குப்பைக்கூடையைக் காலி செய்யுமுன் அதிலுள்ள ஐந்து பொருள்களின் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதுக. ஒவ்வொன்றையும் யார் வாங்கினார், எத்தனை நிமிடம் பயன்பட்டது என்பதை இறந்தகாலச் செய்வினையில் ஒவ்வொரு வாக்கியமாக அமைக்கவும். பின்னர், அப்பொருள் குழாயிலிருந்து செமாக்காவ் வரை செல்லும் வழியை நிகழ்காலச் செயப்பாட்டு வினையில் 120 சொற்களில் எழுதவும். “ஷுட்” என்ற சொல் ஓரிடத்திலும் வரலாகாது. துவாஸ் என்ற பெயர் ஒருமுறையேனும் வருதல் வேண்டும்.