பழைய பிளாட்டர் வாங்குவோருக்கு: ஹெட் மாற்றும் முன் பார்க்க வேண்டியவை



வட்டியில்லாக் கடன் கேட்டு நம்மிடம் வரும் இளைஞர்களில் சிலர், ஜெராக்ஸ் கடையோடு கட்டட வரைபடம் அச்சிடும் பழைய பிளாட்டர் ஒன்றையும் வாங்கிப் போட நினைக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஊரில் வீடு கட்டுவோர் இருக்கும்வரை பிளான் பிரிண்ட்டுக்கு வேலை இருக்கும். ஆனால், "ஹெட் மட்டும்தான் போயிருக்கு, மாத்திட்டா புதுசு மாதிரி ஓடும்" என்று விற்பவர் சொல்வதை நம்பி, கடன் பணத்தை அதில் முடக்கிவிடக் கூடாது. அது உண்மையாகவும் இருக்கலாம். பெரிய பழுதை மூடும் பேச்சாகவும் இருக்கலாம்.

பழைய சந்தையில் கிடைக்கும் எச்பி டிசைன்ஜெட் 500-ஐ எடுத்துக்கொள்வோம். நான்கு நிறங்களுக்கு நான்கு தனித்தனி ஹெட்கள். எல்லாமே 11 என்ற எண்ணுள்ளவை. மை வேறு பெட்டிகளில் இருந்து குழாய் வழியாக வருகிறது. ஹெட்டின் நுண்துளை ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு சூடேற்றி உண்டு. அது மையைக் கொதிக்க வைக்க, எழும் குமிழி ஒரு துளியை வெளியே தள்ளுகிறது. நாளடைவில் சூடேற்றி செத்துப்போகும். எனவே இந்த ஹெட், வண்டி டயர்போல் தேய்ந்தால் மாற்றும் பொருள், கடைக்காரரே மாற்றலாம். ஃப்ளெக்ஸ், வினைல் அச்சிடும் சால்வென்ட் இயந்திரங்கள் அப்படியல்ல. அவற்றின் பீசோ ஹெட் விலை அதிகம். பொருத்தியபின் மின்னழுத்தம், சீரமைப்பு எல்லாம் மெக்கானிக்தான் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக எண்ணிக் கணக்குப் போட்டுவிடாதீர்கள்.

பழுது ஹெட்டில்தானா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். சோதனைத் தாள் ஒன்று அச்சிட்டு, ஹெட்டைச் சுத்தம் செய்யும் கட்டளை கொடுத்து, மறுபடி அச்சிட்டு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விடுபட்ட கோடுகள் அதே இடத்தில் இருந்தால் அந்தத் துளைகள் அடைத்திருக்கின்றன அல்லது செத்துவிட்டன. ஒவ்வொரு முறையும் இடம் மாறினால், மை சரியாக வரவில்லை, குழாயில் காற்று புகுந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். அதற்குப் புது ஹெட் போட்டும் பயனில்லை. நான்கு ஹெட்களும் ஒரே நாளில் பழுது என்று திரை காட்டினால், ஹெட்டைச் சுமந்து ஓடும் கேரியேஜின் மின்பலகையோ அதற்குப் போகும் பட்டைக் கேபிளோதான் முதல் சந்தேகம். கேரியேஜை இழுக்கும் பெல்ட்டையும் தொட்டுப் பாருங்கள். பழையதானால் ரப்பர் பொடியாக உதிரும்.

ஒரே ஹெட்டுக்குப் பழுது காட்டினாலும் உடனே கடைக்கு ஓட வேண்டாம். அதைக் கழற்றி, செம்புப் புள்ளிகளில் காய்ந்த மை இருக்கிறதா பாருங்கள். இழை உதிராத துணியை டிஸ்டில்ட் வாட்டரில் லேசாக நனைத்துத் துடைத்து, நன்றாக உலரவிட்டு மறுபடி பொருத்துங்கள். பல நேரங்களில் செலவு இத்தோடு முடிந்துவிடும்.

மாற்றத்தான் வேண்டுமென்றால், நிற எண் சரிபார்த்து, உறை பிரிக்காத ஹெட்டாக வாங்குங்கள். உத்தரவாதத் தேதியையும் பாருங்கள். இயந்திரத்தில் தாள் ஏற்றி, மெனுவில் ஹெட் மாற்றும் கட்டளையைக் கொடுத்தால் கேரியேஜ் தானாக வந்து நிற்கும். கையால் இழுக்காதீர்கள். மூடியின் கொக்கியைத் திறந்து, பழையதை நேராக மேலே தூக்குங்கள். குழாய்கள் நாள்பட்டவை, ஆட்டினால் விரிசல் விடும். புதியதன் பாதுகாப்பு மூடியை எடுத்தபின் செம்பிலோ துளைத் தகட்டிலோ விரல் படக் கூடாது. மூடியதும் இயந்திரம் தானே சோதித்துச் சீரமைத்துக்கொள்ளும். சில நிமிடங்கள் ஆகும், இடையில் நிறுத்தாதீர்கள். புது ஹெட்டையும் அது ஏற்க மறுத்தால் இன்னொன்று வாங்காதீர்கள். கோளாறு வேறிடத்தில்.

விற்பவருக்கும் ஒரு கடமை இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் உணவுக் குவியலுக்குள் கையை விட்டபோது ஈரம் தட்டுப்பட்டதும், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாமே என்று வியாபாரியைக் கேட்டதும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. நீல ஹெட் போய்விட்டது தெரிந்தும், கறுப்பில் மட்டும் ஒரு வரைபடம் அச்சிட்டுக் காட்டுவது நனையாத தானியத்தை மேலே பரப்புவதுதான். விற்கும்போதே இருந்த குறையைப் பின்னர் கண்ட வாங்குநருக்குத் திருப்பித் தரும் உரிமை உண்டு. குறை தெரிந்த பிறகும் ஓட்டிக்கொண்டே இருந்தால் அந்த உரிமை போய்விடும். எனவே உடனே சொல்லுங்கள். "இருக்கிறபடியே எடுத்துக்கோ, குறைக்கு நான் பொறுப்பில்லை" என்ற நிபந்தனை ஹனஃபி மத்ஹபில் செல்லும். ஷாஃபிஈ மத்ஹபின் பிரபலமான கருத்துப்படி இத்தகைய பொருளில் செல்லாது. எந்த நிலையிலும், தெரிந்த குறையை மறைப்பது ஹராம்தான். வழக்கு வந்தால் உங்கள் பள்ளிவாசல் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய பிளாட்டருக்குக் கடன் கேட்போர், விற்பவர் முன்னிலையில் நான்கு நிறத்திலும் எடுத்த சோதனைத் தாளை மனுவோடு கொண்டு வாருங்கள். ஹெட் மாற்ற வேண்டியிருந்தால் அதன் விலைச் சீட்டையும் இணைத்தால், இன்ஷா அல்லாஹ், அதையும் கடன் தொகையில் சேர்த்தே பரிசீலிப்போம்.